மெலிந்து மெலிந்து சாகும் கப்பி மீன்கள்: புழுவா, பற்றீரியாவா, பட்டினியா?

2024 மே 4. திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி நம் மீன் வளர்ப்பு இழையில் கேட்ட கேள்வி

"அண்ணன், 60 லீற்றர் மீன் தொட்டி. கப்பி இருபதுக்கு மேலே இருந்தது, ஏஞ்சல் மூன்று. இரண்டு மாதமா கப்பிகள் ஒண்டொண்டா மெலிஞ்சு சாகுது. சாப்பாடு நல்லாத்தான் எடுக்குது. வயிறு ஒட்டி, முதுகு கத்தி மாதிரி வந்திட்டுது. கடையில கேட்டன், கல் உப்பும் நீல மருந்தும் போடச் சொன்னாங்கள். போட்டும் ஒரு மாற்றமும் இல்லை. இது என்ன நோய்? என்ன மருந்து வாங்க?"

மே 4, இரவு

மருந்து இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். நீல மருந்தை முதலில் நிறுத்துங்கள். அது மெதிலீன் நீலம். முட்டையில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க நல்லது. குடலுக்குள் இருக்கிற எதையும் அது தொடாது. ஆனால் பில்டரில் அமோனியாவைத் தின்னும் நல்ல பற்றீரியாவைக் கொன்றுவிடும். பாதித் தண்ணீரை மாற்றி, ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் போடுங்கள்.

அப்புறம் இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். உணவை விழுங்குகிறதா, வாயில் எடுத்துத் துப்புகிறதா? கிழமைக்கு எத்தனை சாகிறது? முதலில் மெலிந்தது பெரிய பெட்டை மீனா, குஞ்சா? கழிவு என்ன நிறம்? கடைசியாகப் புது மீன் எப்போது விட்டீர்கள்? உயிர் உணவு ஏதாவது போடுகிறீர்களா?

மூன்று ஏஞ்சல் 60 லீற்றருக்குள் கப்பியோடு என்பதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வைத்துக்கொள்கிறேன்.

மே 5

காலையில் யோசித்தபோது, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரித்து எழுதலாம் என்று பட்டது.

எவ்வளவு வேகமாகச் சாகிறது என்பதை வைத்தே பாதி விடயம் தெரிந்துவிடும். ஒரே இரவில் பத்து மீன் செத்துக் கிடந்தால் நோயைத் தேடாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். அமோனியா, குளோரின், ஒக்சிஜன் இல்லாமை, நுளம்புக்கு அடித்த ஸ்பிரே, இவற்றில் ஒன்றாக இருக்கும். அப்படிச் செத்த மீன் மெலிந்திருக்காது, கொழுகொழுவென்றே சாகும். கிழமைக்கு ஒன்று, பத்து நாளுக்கு ஒன்று என்று வரிசையில் போனால் மீனின் உடம்புக்குள் தேட வேண்டும்.

அடுத்தது, சாப்பிட்டு மெலிகிறதா, சாப்பிடாமல் மெலிகிறதா? சாப்பிடாத மீன் எந்த நோயிலும் மெலியும், அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிற மீனில் சந்தேகப்பட வேண்டியவை சில மட்டுமே: குடற்புழு, குடலில் வாழும் ஒருகல ஒட்டுண்ணி (ஸ்பைரோநியூக்கிளியஸ், பழைய ஆட்கள் ஹெக்சமீற்றா என்பார்கள்), பற்றீரியாவால் வரும் மீன் காசநோய். நாலாவதாக, யாரும் ஒத்துக்கொள்ள விரும்பாத பட்டினி.

பட்டினியைச் சும்மா சொல்லவில்லை. திருகோணமலையில் மே, ஜூன் மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும்போது தொட்டித் தண்ணீர் 31 பாகையைத் தாண்டும். சூடு ஏற ஏற மீனின் உடம்பு கூடுதலாக எரிக்கும். குளிர்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து நாளுக்கு ஒரு சிட்டிகை போட்டால் வளரும் குஞ்சுக்குக் காணாது. கடைக்கு வரும் மீனும் ஏற்கெனவே பசியோடுதான் வருகிறது. பையில் அமோனியா சேராமல் இருக்க, அனுப்புவதற்கு முன் ஒன்றிரண்டு நாள் உணவை நிறுத்துவார்கள். கடைத் தொட்டியிலும் யாரும் வடிவாகச் சாப்பாடு போடுவதில்லை. வந்த கிழமையில் மெலிந்திருக்கும் மீனைப் பார்த்ததும் மருந்துக்கு ஓட வேண்டாம்.

மே 5, பின்னேரம்

கிண்ணியா நானா எழுதியிருக்கிறார், உப்பு எல்லாவற்றுக்கும் நல்லதாம், அவருடைய தகப்பனாரும் அதைத்தான் போட்டாராம். நானா, தோலில் வெண்புள்ளி, செவுளில் ஒட்டுண்ணி என்றால் உப்புக்கு வேலை இருக்கிறது. கப்பியும் உப்பைத் தாங்கும் மீன்தான். ஆனால் குடலுக்குள் இருக்கும் புழுவுக்கு, வெளித் தண்ணீரில் உப்புப் போட்டதே தெரியவராது.

மே 7

தம்பியின் பதில் வந்துவிட்டது. சுருக்கமாக: விழுங்குகிறது. கிழமைக்கு ஒன்று, சில கிழமை இரண்டு. முதலில் போனது பெரிய பெட்டைகள். கழிவு சிலதில் வெள்ளை நூல். தை மாதம் ஒரு நண்பரிடமிருந்து புதுக் கப்பிகள் வாங்கி நேராகத் தொட்டியில் விட்டிருக்கிறார். வாய்க்காலில் அள்ளிய டியூபிபெக்ஸ் புழுவும் போடுகிறார்.

வெள்ளை நூலைக் கண்டதும் இங்கே மூன்று பேர் ஒருகல ஒட்டுண்ணிக்கான மருந்தை, "மெட்ரோனிடசோல்" என்று எழுதிவிட்டார்கள். பொறுங்கள். சாப்பிடாத மீனும் வெள்ளையாகத்தான் கழிக்கும், வெறும் குடற்சளி அது. சாப்பிடுகிற மீன் வெள்ளையாகக் கழித்தால் குடலில் எரிச்சல் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவே. எரிச்சல் புழுவாலும் வரும், ஒருகல உயிராலும் வரும்.

தம்பி, இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு ரோர்ச் வெளிச்சத்தில் பெட்டை மீன்களின் ஆசனவாயைப் பக்கவாட்டில் பாருங்கள். மீன் ஓரிடத்தில் நிற்க வேண்டும், நீந்தும்போது உள்ளே இழுத்துவிடும்.

மே 8

"எதை உள்ளே இழுக்கும்?" என்று கேட்கிறார்கள். தம்பி முதலில் பார்க்கட்டும். நான் இப்போதே சொன்னால் எல்லோருக்கும் அதுதான் தெரியும்.

மே 8, பிறகு

தண்ணீரை கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் பிடித்து வந்து விட்டால் எல்லாம் சரியாகும் என்று எழுதிய பகிடிக்காரருக்கு: ஏழு கிணறும் ஏழு சூடு, எந்தக் கிணற்றில் மீனை அவிக்கிறதென்று முடிவெடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

மே 9

ரோர்ச்சில் ஒன்றும் தெரியவில்லையாம். தெரியாதது இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பெரும்பாலும் முற்றிய மீனில்தான் வெளியே தெரியும்.

மே 11

இன்று காலை ஒரு பெட்டை சாகும் நிலையில் இருந்தது, என்ன செய்ய என்று கேட்டிருந்தார். அறுத்துப் பார்க்கச் சொன்னேன். பாவம் என்று நினைப்பவர்கள் இருப்பீர்கள். எனக்கு எது பாவமாகத் தெரிகிறது என்றால், பத்து மீன் செத்தும் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல் எல்லாவற்றையும் குப்பையில் போடுவது.

நான் அரச ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், மனிதருடைய சளியும் மலமும் பார்த்துப் பழகிய கண். மீனுக்கும் முறை அதேதான், ஆனால் நேரம் குறைவு. இந்தச் சூட்டில் செத்து ஒரு மணித்தியாலம் ஆன சிறு மீனின் குடல் கூழாகிவிடும். இரவு செத்து காலையில் மிதக்கும் மீன் ஒன்றுக்கும் உதவாது. ஆகவே பிழைக்காது என்று தெரிந்த மீனை நாமே அமைதியாக அனுப்பிவிட்டு உடனே பார்க்க வேண்டும். கராம்பு எண்ணெய் ஒரு லீற்றருக்குப் பத்துத் துளி. எண்ணெய் தண்ணீரோடு சேராது, சிறு போத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீருடன் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணித்தியாலம் விட்டுவிட வேண்டும்.

கையுறை போடுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும். சிறு கத்தரிக்கோலால் ஆசனவாயிலிருந்து தொண்டை வரை வயிற்றைத் திறந்து, குடலை வெளியே எடுத்து ஒரு துளி தண்ணீரில் வைத்து ஊசியால் கிழியுங்கள். புழு இருந்தால் கண்ணுக்கே தெரியும். பிறகு ஈரல், மண்ணீரல், முதுகெலும்போடு ஒட்டிய சிறுநீரகம், இவற்றில் வெண்ணிற முடிச்சுகள் இருக்கிறதா என்று பாருங்கள். கடுகை விடச் சிறியது, கைக்கண்ணாடி வேண்டும்.

பாடசாலை நுணுக்குக்காட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. குடல் திரவத்தில் ஒரு துளியைக் கண்ணாடி வழுக்கியில் வைத்து நூறு, நானூறு மடங்கில் பார்த்தால் ஸ்பைரோநியூக்கிளியஸ் ஓடித் திரிவது தெரியும், மிகச் சின்னது, மிக வேகம். தாமதித்தால் அசைவு நின்றுவிடும், பிறகு அதைக் கண்டுபிடிப்பது பழகிய கண்ணுக்கும் கஷ்டம். எலுமிச்சை வடிவில் இரு நுனியிலும் மூடி போட்ட முட்டைகள் தெரிந்தால் அது கப்பிலேரியா என்ற இன்னொரு உருளைப்புழு.

மே 11, இரவு

படம் வந்தது. குடலின் பின்பகுதியில் செந்நிற நூல்கள், நாலைந்து. நான் எதிர்பார்த்தது இதைத்தான். கமலானஸ்.

முழுப் பெயர் கமலானஸ் கொற்றி, 1927 இல் ஜப்பானில் பெயரிடப்பட்ட உருளைப்புழு. குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும், சிவப்பு அதனால்தான். முற்றினால் பெட்டைப் புழுவின் வால் ஆசனவாய்க்கு வெளியே தூரிகை போல நீட்டிக்கொண்டு நிற்கும், மீன் அசைந்தால் உள்ளே போய்விடும். ரோர்ச்சில் தேடச் சொன்னது அதை.

இது முட்டை இடாது, உயிருள்ள குடம்பிகளைத் தொட்டியின் அடியில் கொட்டும். அடியில் நெளிவதைச் சைக்ளொப்ஸ் (தண்ணீரில் வாழும் மிகச் சிறிய ஓட்டுயிர்) தின்னும், அதை மீன் தின்னும். சைக்ளொப்ஸ் இல்லாத தொட்டியில்கூட மீனுக்கு நேராகப் பரவக்கூடிய புழு இது. தொட்டிகளில் இவ்வளவு பிடிவாதமாக நிற்பது அதனால்தான்.

தை மாதம் வந்த கப்பிகளா, வாய்க்கால் உணவா என்று இப்போது பிரிக்க முடியாது. எனக்குப் புதுக் கப்பிகள் மேல்தான் கூடுதல் சந்தேகம்.

மே 13

மருந்து லெவமிசோல். மீன் கடையில் தேடி அலைய வேண்டாம், ஆட்டுக்கும் மாட்டுக்கும் பூச்சி மருந்து விற்கும் இடத்தில் இருக்கும். போத்தலைத் திருப்பி வாசியுங்கள். சிலதில் ஈரல் தட்டைப்புழுவுக்கான இன்னொரு மருந்தும் கலந்திருக்கும், அது வேண்டாம். லெவமிசோல் மட்டும் உள்ளதாக இருக்க வேண்டும். அதே அலுமாரியில் ஐவர்மெக்டினும் இருக்கும், கடைக்காரர் "இதுவும் புழுவுக்குத்தான்" என்பார். மீனுக்கு அது நஞ்சு. யாரோ பிராசிகுவான்டல் கைவசம் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அது நாடாப்புழுவுக்கும் தட்டைப்புழுவுக்கும் நல்லது, இந்தப் புழுவை ஒன்றும் செய்யாது.

அளவு: லீற்றருக்கு 2 மில்லிகிராம் லெவமிசோல். தம்பியின் போத்தல் 1.5 வீதம், அதாவது ஒரு மில்லிலீற்றரில் 15 மில்லிகிராம். தொட்டி 60 லீற்றர் என்றாலும் கல்லும் மணலும் போகத் தண்ணீர் 50 லீற்றர்தான் இருக்கும். 100 மில்லிகிராம் வேண்டும், ஏழு மில்லிலீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து, ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். பில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள். வெளிச்சத்தில் மருந்து சிதையும், எனவே விளக்கை அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடுங்கள். ஒக்சிஜன் மோட்டார் ஓடட்டும்.

24 மணித்தியாலம் கழித்துத்தான் முக்கிய வேலை. இந்த மருந்து புழுவைச் செயலிழக்கச் செய்து பிடியை விடச் செய்கிறது. கழிந்து விழுந்த புழுவும் குடம்பியும் அடியில் கிடக்கும். மீன் அதைத் தின்றுவிடும் முன் அடியை முழுவதும் குழாய் வைத்து உறிஞ்சி, பாதிக்கு மேல் தண்ணீரை மாற்ற வேண்டும். மணலை எடுத்துவிட்டு வெறுங்கண்ணாடியாக வைத்தால் இன்னும் சுலபம்.

மூன்று கிழமையில் இன்னொரு தடவை போட வேண்டும்.

மே 13, திரும்பவும்

குழாயை வாயால் உறிஞ்சித் தொடக்காதீர்கள்! நம்மூரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், தெரியும். குழாயைத் தண்ணீருக்குள் முழுவதும் அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்தால் போதும்.

மே 19

மருந்துக்கு அடுத்த நாள் அடியில் சிவப்பு நூல்கள் கிடந்தனவாம். கப்பி ஒன்றும் சாகவில்லை.

மே 22

உவர்மலை ரீச்சர் அக்கா தன்னுடைய நியோன் மீன்கள் வெளிறி, சிவப்புக் கோடு அங்கங்கே அழிந்து, முதுகு வளைந்து மெலிவதாக எழுதியிருக்கிறார். அக்கா, லெவமிசோல் போட வேண்டாம். நீங்கள் சொல்வது நியோன் நோயாக இருக்கலாம், தசைக்குள் வாழும் நுண்வித்துயிர் ஒட்டுண்ணி, 1941 இலேயே விவரித்துவிட்டார்கள், இன்றுவரை நம்பகமான மருந்து கிடையாது. வெளிறியவற்றைப் பிரித்து எடுங்கள். செத்த மீனை மற்றவை கொத்தித் தின்றால் பரவும். காசநோயும் இதே தோற்றத்தைக் காட்டும் என்பதையும் சொல்ல வேண்டும், கண்ணால் மட்டும் பிரிக்க முடியாது.

மே 26

கரண்ட் போனால் மீன் மெலியுமா என்று ஒருவர். மெலியாது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுப் போட்ட நாட்களில் எங்கள் வீட்டில் நடந்தது வேறு. மோட்டார் நின்று பில்டருக்குள் தண்ணீர் தேங்கி, நல்ல பற்றீரியா மூச்சடைத்துச் செத்து, கரண்ட் வந்ததும் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள் வந்தது. நல்ல கொழுத்த கோல்ட் பிஷ்கள் போயின. இங்கே கரையோரக் கிணற்றுத் தண்ணீருக்கு பிஎச் (அமில, கார அளவு) கூடுதலாக இருக்கும் இடங்களும் உண்டு. பிஎச் 7 இல் இருந்து 8 ஆனால் அதே அமோனியாவில் நஞ்சுப் பகுதி பத்து மடங்கு அளவுக்கு ஏறும். நீண்ட நேரம் நின்ற பில்டரை ஓட விடுவதற்கு முன் கழுவ வேண்டும். அந்தக் காலத்தில் பற்றரி மோட்டாருக்காகக் கடை கடையாக அலைந்த கதையை வேறொரு நாள் எழுதுகிறேன்.



ஜூன் 2

இரண்டாவது தடவை மருந்து போட்டாயிற்று. கப்பிகளுக்கு வயிறு வந்துவிட்டது, குஞ்சும் போட்டிருக்கின்றன.

ஆனால் ஒரு ஏஞ்சல் மெலிகிறது. சாப்பிடவில்லை, மூலையில் தலையைக் குனிந்து நிற்கிறது, பக்கத்தில் ஆறாத ஒரு புண். தம்பி இதையும் புழுவென்று எடுத்துக்கொண்டு மூன்றாம் தடவை போடலாமா என்கிறார். வேண்டாம். மே மாதம் எல்லாவற்றையும் ஒரே நோய்க்குள் அடக்கியது போல எழுதிவிட்டோம். கப்பிக்குப் புழு என்பது நிச்சயம். அதே தொட்டியில் நிற்பதால் ஏஞ்சலுக்கும் அதுதான் என்று ஆகாது. ஏஞ்சல் இனத்துக்கு ஸ்பைரோநியூக்கிளியஸ் அடிக்கடி வரும். அப்படியானால் மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் குளிசை ஒன்று 60 லீற்றருக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் முன் தண்ணீர் மாற்றம். சாப்பிடுகிற மீனுக்கு உணவில் கலப்பது நல்லது, 25 கிராம் உணவுக்கு 250 மில்லிகிராம். ஆனால் அந்தப் புண்தான் எனக்குப் பிடிக்கவில்லை. தனித் தொட்டியில் எடுத்து வையுங்கள், வேறு வலை, வேறு வாளி.

ஜூன் 9

ஏஞ்சலைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் முடிச்சுகள். வெட்டிய மண்ணீரலை வழுக்கியில் ஒற்றி, மனிதரின் காசநோய்ச் சளிக்குச் செய்வது போலவே சீல்-நீல்சன் சாயம் ஏற்றிப் பார்த்தோம், உதவிய பழைய சக ஊழியருக்கு நன்றி. நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள், தாராளமாக. அந்த நீலப் பின்னணி எது தெரியுமா? மெதிலீன் நீலம். கடையில் கொடுத்த மருந்துக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது.

இது மைக்கோபற்றீரியம் வகை, அதாவது காசநோய்க் கிருமிக் குடும்பம், என்று சாயம் சொல்லும், எந்த இனம் என்று சொல்லாது. மீன் தொட்டிகளில் பேர்போனது மைக்கோபற்றீரியம் மரினம். 1926 இல் பிலடெல்பியா மீன்காட்சியகத்தில் செத்த கடல் மீன்களிலிருந்து அரொன்சன் பிரித்தெடுத்தது. மீனுக்கு இதற்கு நம்பி எடுக்கக்கூடிய மருந்து இல்லை. எத்தனையோ தொட்டிகளில் இது சும்மா இருக்கிறது. நெரிசலும் சூடும் பழைய தண்ணீரும் சேரும்போதுதான் மீனைச் சாய்க்கிறது. மூன்று ஏஞ்சல் 60 லீற்றரில் என்று மே 4 இல் ஒத்திவைத்த விடயம் இதுதான்.

ஜூன் 10

பயந்துபோய் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். மனிதருக்கு வருமா? வரும், ஆனால் இது நெஞ்சைப் பிடிக்கும் காசநோய் அல்ல, இருமலால் பரவாது. கையில் கீறல் இருக்கும்போது தொட்டிக்குள் விட்டால் நுழையும். 30 பாகையை ஒட்டிய சூட்டில் நன்றாக வளர்கிற பற்றீரியா, உடம்பின் உள்சூடு அதற்கு ஒத்துவராது. அதனால் விரல், புறங்கை, முழங்கை என்று குளிர்ந்த பகுதிகளிலேயே சிவந்த கட்டியாக வரும், கிழமைக்கணக்கில் ஆறாது. வைத்தியரிடம் போனால் "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள், அவருக்குக் கேட்கத் தோன்றாமல் போகலாம். மருந்து உண்டு, மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். வீட்டில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருந்தால் அவர்கள் தொட்டியில் கைவைக்க வேண்டாம்.

ரீச்சர் அக்காவுக்கு: பிள்ளைகள் மீனைப் பார்க்கலாம், உணவு போடலாம். கழுவும் வேலை பெரியவர்களுடையது.

ஜூன் 16

தொட்டியை உடைத்து எறியவா என்று தம்பி. தேவையில்லை. மற்ற இரண்டு ஏஞ்சலும் இப்போது நன்றாக இருக்கின்றன. அவற்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள், புது மீன் சேர்க்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், மெலிவதை உடனே எடுத்துவிடுங்கள். எல்லாம் முடிந்து தொட்டியை வெறுமையாக்கும் நாள் வந்தால், மணலையும் ஸ்பொஞ்சையும் எறிந்துவிடுங்கள். சாதாரண அளவு குளோரினுக்கு இந்தப் பற்றீரியா எளிதில் சாகாது. கண்ணாடியைத் தேய்த்துக் கழுவி, 70 வீத ஸ்பிரிட்டால் துடைத்து, நம்மூர் வெயிலில் நாட்கணக்கில் காயவிடுங்கள். வலைக்கும் அதே ஸ்பிரிட்.

ஜூன் 23

கப்பிகள் பெருகிவிட்டன, நுளம்புக்காகப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் கொஞ்சம் விடலாமா என்று கேட்டிருக்கிறார். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை மறக்காத ஊர், எண்ணம் நல்லதுதான். ஆனால் இந்தக் கப்பிகளை வேண்டாம். ஹவாய்த் தீவுகளின் ஓடைகளுக்கு கமலானஸ் போய்ச் சேர்ந்தது இப்படி விடப்பட்ட கப்பி இன மீன்களோடுதான், இப்போது அங்கே சொந்த மீன்களிலும் அந்தப் புழு இருக்கிறது. நமது கிணறுகள் மழைக்காலத்தில் நிரம்பி வாய்க்காலோடு சேர்கிறவை. கிணற்றுக்கு வலை போட்டு மூடச் சொல்லுங்கள். குஞ்சுகள் கூடிப்போனால் பெட்டையையும் ஆணையும் பிரித்து வையுங்கள், பெட்டை பழைய விந்தை வைத்தே சில மாதம் குஞ்சு போடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு.

நியோன் விடயத்துக்குத் தனி இழை தொடங்குங்கள் அக்கா, இது நீண்டுவிட்டது.